பெரட்டு வைத்தியம்

காலையில் ரொம்பத் தெம்பாக எழுந்து, "ஐயையோ, இவ்வளவு நல்லா இருக்கே!" என்று எப்போதாவது பயந்திருக்கிறீர்களா?

இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். எனக்கு அது பல் துலக்குவதற்கு முன்னால் செய்யும் வேலை. கண்ணைத் திறந்ததும் ஹேண்ட்போனைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்த்துக்கொள்கிறேன். தலை கனக்கிறதா? நல்லது. அம்மாவின் குரலைக் கேட்டால் எரிச்சல் வருகிறதா? ரொம்ப நல்லது. உலகத்தையே ஒரு கை பார்த்துவிடலாம் போலிருக்கிறதா? போச்சு.

காரணத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். கோலாலம்பூரில் யூனிவர்சிட்டியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தூக்கம் நின்றுபோனது. வரவில்லை என்று சொல்லவில்லை. தேவைப்படவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஹாஸ்டல் சுவர் முழுக்க மார்க்கர் பேனாவால் கேமரன் மலைக்குக் கேபிள் கார் விடும் திட்டத்தை வரைந்தேன். துணைவேந்தருக்கு மணிக்கு ஒரு இமெயில் போட்டேன். ரூம்மேட் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறாள் என்றே எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் எனக்கு எல்லாமே அவ்வளவு அழகாக இருந்தது. அந்த அழகெல்லாம் போய் முடிந்த இடம் மனநல வார்டு. உள்ளே போகும்போது ஷூ கயிற்றை உருவி வாங்கிக்கொண்டார்கள். இருமுனைக் கோளாறு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வெளியே வந்தபோது கையில் ஒரு பை நிறைய மருந்து, காலில் கயிறில்லாத ஷூ.

அங்கே மறுபடி போகக் கூடாது. டிகிரி, வேலை, எதிர்காலம், அதெல்லாம் அப்புறம். என்னுடைய ஒரே லட்சியம் இப்போதைக்கு அதுதான்.

வீட்டுக்கு வந்தேன். கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. மனசு மெதுவாக அடங்கியது. ஆனால் தூக்கம் கழன்று எங்கேயோ உருண்டு போய்விட்டது. ஊர் எழுந்திருக்கும் நேரத்துக்குத்தான் எனக்குக் கண் சொருகும். கொழுந்தெடுக்கப் போனவர்கள் பாதி வேலையை முடித்துத் திரும்பும்போதுதான் விழிப்பேன். தூக்கம் கெட்டுப்போகவில்லை, அருமையான தூக்கம். நேரம்தான் வேறு எவனுடையதோ.

என் அண்ணன் கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூர் மார்க்கெட்டுக்கு இரவில் காய்கறி லோரி ஓட்டுகிறான். அவனும் பகலில்தான் தூங்குவான். அதனால் வீட்டில் என் கேஸ் எடுபடவே இல்லை.

"அவனும்தான் பகல்ல தூங்குறான். அவனுக்கு ஒண்ணும் இல்லையே?" என்பாள் அம்மா.

"எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க லா. இந்த ஆந்தைக்கு யார் குடுக்குறா?" என்பான் அண்ணன், போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே.

மலையிறங்கி, கீழே ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வளைவுக்கு வளைவு அம்மா ஆரஞ்சுத் தோலை முகர்ந்துகொண்டே வந்தாள். டாக்டர் தமிழ்ப் பெண். என்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும், அவ்வளவுதான். அவருக்கும் தூக்கம் போதாத கண்கள்.

"தூக்கம் வரலியா?"

"சூப்பரா வருது டாக்டர். ஊரே எந்திரிக்கும்போது வருது."

"சோம்பேறித்தனம் டாக்டர்" என்றாள் அம்மா. "பசியாறக் கூப்பிட்டா பொணம் மாதிரி கெடக்கும்."

"சோம்பேறித்தனம் இல்லம்மா. உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. இவங்களோடது லேட்டா ஓடுது. இந்த நோய் இருக்கிற நெறைய பேருக்கு அப்படித்தான். கடிகாரம் கலைஞ்சா மனசும் கலையும். அதனாலதான் அதை விடக் கூடாதுன்னு சொல்றேன்."

"அப்ப திருப்பி வச்சிருங்க" என்றார் அப்பா. விரலால் கைக்கடிகாரத்தின் திருகைச் சுழற்றுவது போலக் காட்டினார்.

"வைக்கலாம் ஐயா. மெதுவாத்தான். வேகமாத் திருப்பினா உடைஞ்சிரும்."

திட்டத்தைச் சொன்னார். மனசுக்கான மாத்திரையில் கை வைக்கக் கூடாது. சாயங்காலமே மெலட்டோனின் ஒரு சின்ன மாத்திரை. மத்தியான வெளிச்சத்தில் வெளியே உட்கார வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு வீட்டில் விளக்கைக் குறைத்து, ஹேண்ட்போனைப் பிடுங்கிவிட வேண்டும். இப்போது எழுந்திருக்கும் நேரம் எதுவோ அதை முதலில் தினமும் ஒரே நேரமாகப் பிடித்து நிறுத்தி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுக்க வேண்டும்.

"வெயில் இருக்கும்போதே தூக்க மாத்திரையா?" அம்மாவுக்கு அது ஒப்பவில்லை. "எங்கயாச்சும் விழுந்து வச்சா?"

"இது தூங்க வைக்கிற மாத்திரை இல்லம்மா. இருட்டப்போவுதுன்னு உடம்புக்கு முன்கூட்டியே சொல்ற மாத்திரை."

"எங்க மலைல மத்தியானம் வெளிச்சம் எங்க இருக்கு? பனிதான் இருக்கு."

"பனியா இருந்தாலும் வெளிய உட்காரச் சொல்லுங்க. வீட்டு லைட்டை விட அதுல வெளிச்சம் ஜாஸ்தி."

எழுந்து கதவுப் பக்கம் வந்த பிறகு டாக்டர் என்னை நிறுத்தினார். "ஒரு விஷயம். தூக்கம் வரலைன்னா பதறாதீங்க. தூங்காமலே ரொம்ப நல்லா இருந்தா, உடனே போன் பண்ணுங்க."

அம்மா சிரித்துவிட்டாள். "நல்லா இருந்தா எதுக்கு டாக்டர் போனு? கோயிலுக்குல்ல போகணும்."

மலையேறி வரும்போது அப்பாவின் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி. ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"கேட்டியா? தினமும் ஒரே நேரம். அதானே மருந்து? அது நம்மகிட்டயே இருக்கே."

"என்னாதுப்பா?"

"பெரட்டு லா!"

அப்பா தோட்டத்தில் கங்காணி. விடிவதற்கு முன்னால் தொழிற்சாலை வாசலில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று வேலை பிரிப்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர். அப்பாவின் உலகத்தில் சூரியனே பெரட்டு முடிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் வரும்.

"டாக்டர் மெதுவான்னு சொன்னாங்களே" என்றேன்.

"டவுன் ஆளுங்களுக்கு மெதுவா. நாம தோட்டத்து ஆளுங்க. இத்தன வருசத்துல என் பெரட்டுல நின்ன எவனுக்காச்சும் தூக்க வியாதின்னு நீ கேள்விப்பட்டிருக்கியா?"

இல்லை. கேள்விப்பட்டதில்லை. வியாதி வந்தவன் பெரட்டில் எப்படி நிற்பான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தவிர, மெதுவாக என்கிற வார்த்தையே எனக்குப் பிடிக்காது. ஒரே வாரத்தில் முடித்துவிட்டு டாக்டருக்கு ஒரு ஷாக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் விடியுமுன் அப்பா என் போர்வையை உருவினார். அம்மாவின் ஸ்வெட்டர், அண்ணனின் பூட்ஸ், பாதி உயிர், இவ்வளவோடு போய் வரிசையின் கடைசியில் நின்றேன். தொழிற்சாலைக் கம்பத்தில் பந்து மைதானத்தில் போடுகிற மாதிரி ஒரு பெரிய விளக்கு. பனி அதன் வெளிச்சத்தில் பால் மாதிரி பொங்கியது. எனக்கு முன்னால் வங்காளதேசத்து ஆட்கள், நேப்பாளத்து ஆட்கள், தலையில் துண்டு சுற்றிய நாலைந்து ஆன்ட்டிகள். அப்பா ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். கடைசியில் ஒரு நொடி நிறுத்தி, என் பேரையும் கூப்பிட்டார், அதே அதிகாரக் குரலில்.

"இருக்கு" என்றேன்.

"சத்தமா!"

"இருக்குப்பா!"

"இங்க அப்பா கிடையாது. கங்காணி."

வரிசை முழுக்கச் சிரிப்பு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி திரும்பிப் பார்த்தார். "என்னாடி கங்காணி மவளே, யூனிவர்சிட்டில படிச்சு பெரட்டுல வந்து நிக்கிறியே?"

"மாஸ்டர்ஸ் பண்றேன் ஆன்ட்டி."

"பண்ணு பண்ணு. பாஸாயிட்டா செடிக்கு மருந்தடிக்கிற வேலைக்குப் போட்டுருவாரு."

முதல் சில நாட்கள் செத்தேன். நின்றுகொண்டே தூங்கினேன். சாயங்காலம் அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். இருட்டு வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அம்மா மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எங்கள் எதிர்மலையில் செவ்வந்திக் கொட்டகைகள் இருக்கின்றன. செடி அவசரப்பட்டுப் பூத்துவிடக் கூடாது என்று இரவில் பல்பு போட்டு வைப்பார்கள். அந்த மஞ்சள் வெளிச்சம் நேராக என் ஜன்னலுக்குள் வரும். அம்மா பக்கத்து ஊர் திரிங்காப்பில் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து, பாத்திக்கு விரிக்கும் பிளாஸ்டிக்கை வாங்கி வந்து ஜன்னலில் ஆணியடித்தாள். ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் கறுப்பு. "வெள்ளிப் பக்கம் வெளிய இருக்கட்டும், வெளிச்சம் வந்த வழியே ஓடிரும்" என்றாள்.

எல்லாம் சரி. ஆனால் தூக்கம் மட்டும் தன் பழைய நேரத்தைவிட்டு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. இன்னும் பின்னால்தான் போனது. கண் சொருக ஆரம்பிக்கும்போதே அப்பா போர்வையை உருவிவிடுவார்.

அப்புறம் ஒரு காலையில், அப்பா வந்து உருவுவதற்கு முன்னால் நானே எழுந்து உட்கார்ந்திருந்தேன். தலை கண்ணாடி மாதிரி இருந்தது. பெரட்டுக்கு அப்பாவுக்கு முன்னால் போய் நின்றேன். எல்லார் பேரும் எனக்கு மனப்பாடம். அப்பா தொண்டையைச் செருமுவதற்குள் நானே கூப்பிட ஆரம்பித்தேன், ஒவ்வொரு பேருக்கும் ஒரு பட்டத்தோடு, நேப்பாளத்து ஆட்களுக்கு அவர்கள் பாஷையில் நான் பொறுக்கி வைத்திருந்த நாலு வார்த்தையோடு. எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். பெருமை.

வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரியை இறக்கித் துடைத்தேன். சுற்றுலா வருகிறவர்களை விடியற்காலைப் பெரட்டில் நிற்க வைத்து, பேர் கூப்பிட்டு, பசியாற வைத்து அனுப்பும் தொழில் ஒன்றை அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா நாசி லெமாக் சோற்றை இலையில் கட்டிக்கொண்டே கேட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"என் பழைய புள்ள வந்திருச்சு" என்றாள். "முருகா."

அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். உள்ளே எங்கேயோ ஒரு சின்ன நடுக்கம், லோரி தூரத்தில் வரும்போது ஜன்னல் கண்ணாடி அதிருமே, அது மாதிரி. அதைக் கேட்காமல் இருக்க வேகமாகப் பேசினேன்.

அன்றைக்கு அண்ணன் லோரியை விட்டுவிட்டு வந்து பசியாற உட்கார்ந்தான். நான் எதிரில் நின்றுகொண்டு கேபிள் காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமாம், கேபிள் கார். அது மறுபடி வந்துவிட்டது என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன் கொட்டாவி விட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. "எனக்குத் தூக்கம் வருது. உனக்கு வரல?"

"வரல."

"நேத்து?"

"நேத்தும் வரல. கொஞ்சம் தூங்கினேன். போதும் எனக்கு."

மெல்லுவதை நிறுத்தினான். "தூங்காம லோரி ஓட்டுனா எனக்குத் தலை தொங்குது. ரோட்டுல மாடு நிக்கிற மாதிரில்லாம் தெரியுது. நீ என்னைவிடக் கம்மியாத் தூங்கிட்டு எப்படி நிக்கிற?"

"வைத்தியம் வேலை செய்யுது லா."

"வேலை செஞ்சா உனக்குத் தூக்கம்ல வரணும்?"

அவன் ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டான். நாற்காலி எங்கே இருக்கிறது என்று தேடி உட்கார்ந்தேன். வாய் மட்டும் இன்னும் கேபிள் காரைப் பேசப் பார்த்தது. கையால் மூடிக்கொண்டேன். வார்டின் வாசனை, ஷூ கயிற்றை உருவிய நர்ஸின் விரல்கள், எல்லாம் சோற்றுக்கு மேல் வந்து உட்கார்ந்தன.

"அண்ணே, என் போனை எடு."

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "யாருக்கு?"

"டாக்டருக்கு."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்க!" போனுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். "நீயா போன் பண்ணி, அவங்க திரும்ப உள்ள படுக்க வச்சிட்டா? இப்பதான் சிரிக்கிற. இப்பதான்மா சிரிக்கிற."

என் சிரிப்பைத்தான் அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு நான், எவ்வளவு அது என்று எனக்கே அளக்கத் தெரியவில்லை. அண்ணன்தான் அவளை மெதுவாகப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நம்பரைப் போட்டான்.

ரொம்ப நேரம் கழித்து டாக்டர் லைனில் வந்தார். நான் வேகமாகச் சொன்னேன். ரொம்ப வேகமாக. அவர் குறுக்கிட்டார்.

"நில்லுங்க. பெரட்டுன்னா என்ன?"

சொன்னேன். கம்பத்து விளக்கைப் பற்றியும் சொன்னேன்.

"பெரிய லைட்டா?"

"மைதானத்து லைட்டு மாதிரி, டாக்டர்."

"அந்த நேரம் ஊருக்குத்தான் விடியற்காலை. உங்க உடம்புக்கு அது நடு ராத்திரி. நடு ராத்திரில அவ்வளவு வெளிச்சத்தைக் காட்டினா கடிகாரம் முன்னாடி வராது, இன்னும் பின்னாடிதான் போகும். அது பத்தாதுன்னு தூக்கத்தையும் வெட்டியிருக்கீங்க. தூக்கத்தை வெட்டினா உங்களுக்கு மேல ஏறும். நல்லவேளை, கூப்பிட்டீங்க."

"வார்டா டாக்டர்?"

"மொதல்ல இங்க வாங்க. வீட்ல பார்த்துக்க ஆள் இருக்கா?"

"மூணு பேர் இருக்காங்க. அதான் பிரச்சனையே."

அவர் சிரிக்கவில்லை.

அன்றைக்கே மலையிறங்கினோம். டாக்டர் என்னைப் பேச வைத்துப் பார்த்தார். இரவுக்கு இன்னொரு மாத்திரை சேர்த்தார். மனசுக்கான மருந்து ரத்தத்தில் போதுமான அளவு ஓடுகிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். பெரட்டு கிடையாது, வேண்டிய அளவு தூங்கட்டும், அறை இருட்டாக இருக்கட்டும். தூக்கம் வந்து ரத்தமும் சரியாக இருந்தால் வீட்டிலேயே சமாளிக்கலாம்; இல்லையென்றால் வார்டில் சேர்க்க வேண்டியிருக்கும், அதை முடிவு வந்ததும் போனில் சொல்கிறேன் என்றார். நேராக, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். சுற்றி வளைக்காததற்காக அவரைக் கும்பிடலாம் போலிருந்தது.

திரும்பும்போது அப்பா ஸ்டியரிங்கைத் தட்டவில்லை. முன்னால் காய்கறி லோரி ஒன்று முக்கி முனகிக்கொண்டு ஏறியது. அதை முந்தவும் இல்லை, அதன் பின்னாலேயே வந்தார்.

"நான்தான் கெடுத்துட்டனா?"

"இல்லப்பா. பெரட்டு நல்ல பெரட்டுதான். நேரம்தான் தப்பு."

அடுத்த வளைவில் கியரை மாற்றினார்.

"அப்ப உனக்கு எது நேரம்?"

"மத்தியானம்னு மொதல்லயே சொன்னாங்களே."

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. அப்பா மேல் மலையிலிருந்து வந்திருந்தார், முட்டி வரை சேறு. உள்ளே வரவில்லை. பனிக்குள் நின்றுகொண்டு, அதே அதிகாரக் குரலில், என் பேரை மட்டும் கூப்பிட்டார். நான் போர்வையோடு போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

"இருக்கு."

"எப்படி இருக்கு?"

"தலை கனக்குது. அம்மா மேல எரிச்சலா வருது."

"அப்ப நல்லது" என்றார். டாக்டர் சொன்னதை இந்தத் தடவை முழுசாகக் கேட்டிருக்கிறார். சாப்பிடாமலே திரும்ப மலையேறிவிட்டார். இப்போது தினமும் வருகிறார். ஆன்ட்டிகள் கேலி பண்ணுகிறார்களாம், கங்காணி வீட்டில் தனிப் பெரட்டு நடத்துகிறார் என்று.

புது மாத்திரை என்னைக் கட்டிப்போடுகிறது. தூங்குகிறேன், ஆனால் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்லை. நேற்று நன்றாகத் தூங்கினேன். முந்தாநாள் பாதி. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் எவ்வளவு வேகமாகப் பேசுகிறேன் என்று. ஒரு ஜோக் சொன்னால்கூட அண்ணனைப் பார்க்கிறாள், இது சாதாரண ஜோக்தானா என்று. அவன் தோளைக் குலுக்குகிறான். என் ஜோக் எதுவுமே இப்போது சாதாரண ஜோக் இல்லை. அதற்காகவே மெதுவாகப் பேசிப் பழகுகிறேன், அது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரியாது.

இன்றைக்குக் காலையில் எழுந்தபோது கொஞ்சம் தெம்பாக இருந்தது. கொஞ்சம்தான். நல்ல தூக்கம் தூங்கினவளுக்கு இருக்க வேண்டிய தெம்பா, அதற்கு மேலேயா என்று படுக்கையிலேயே கிடந்து தடவித் தடவிப் பார்த்தேன். தெரியவில்லை. இதையும் ரொம்ப வேகமாக டைப் பண்ணிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம்.

ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.